மருந்துக்கடையை ஆய்வு செய்வது எப்படி?

மருந்துக்கடை ஆய்வு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சுவரில் மாட்டிய லைசென்ஸ், மருந்தாளுநரின் பதிவுச் சான்று, காலாவதியான மாத்திரை எங்காவது கிடக்கிறதா என்ற தேடல். மூன்றும் அவசியம்தான். ஆனால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிற வேலை அது. ஆய்வாளர் கடையில் இருப்பது சில மணி நேரம். கடை மருந்து கொடுப்பதோ வருஷம் முழுக்க. தான் இல்லாத நாட்களில் அங்கே என்ன நடந்தது என்பதை அவர் எப்படித் தெரிந்துகொள்வது? பதிவேடுகளை வைத்துத்தான். அதனால் பதிவேடு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அது அன்றன்றைக்கு, நடந்தது நடந்தபடி எழுதப்பட்டதா என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். ஆய்வின் தரமே இதில்தான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச மருந்தியல் கூட்டமைப்பும் சேர்ந்து 2011-ல் நல்ல மருந்தக நடைமுறைக்கான வழிகாட்டியை வெளியிட்டன. தரம் என்றால் எவை எவை என்று பேச அது ஒரு பொதுவான தொடக்கம். பிரிட்டனில் மருந்தகங்களை ஒழுங்குபடுத்தும் பொது மருந்தியல் கவுன்சில் தன் தரநிலைகளை ஐந்து தலைப்புகளில் வைத்திருக்கிறது: நிர்வாகம், பணியாளர்கள், இடம், சேவைகள், கருவிகள். இவற்றில் இடம் தொடர்பான குறைகள் கண்ணுக்கு நேராகத் தெரியும், சீக்கிரம் சரிசெய்துவிடவும் முடியும். ஒழுகும் கூரை, கைகழுவும் தொட்டிக்குள் வைத்த டீ கிளாஸ், தரையில் நேரடியாக அடுக்கிய அட்டைப்பெட்டிகள் எல்லாம் அந்த வகை. நோயாளியைப் பாதிக்கிற குறைகள் பெரும்பாலும் நிர்வாகத்திலும் சேவையிலும்தான் இருக்கும். அவற்றைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவதா, சொல்லாமல் வருவதா என்ற விவாதம் நெடுநாளாக உண்டு. பிரிட்டனில் 2019 ஏப்ரல் முதல் வழக்கமான ஆய்வுக்குப் பொதுவாக முன்னறிவிப்பு கிடையாது. அறிக்கைகளும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியாகின்றன. இதுதான் சரி. சொல்லிவிட்டு வந்தால் அலமாரியை ஒழுங்குபடுத்தலாம், ஒரு மாதத்து வெப்பநிலைப் பட்டியலை ஒரே இரவில் எழுதியும் முடிக்கலாம். முன்னறிவிப்பு இருந்தால் நன்மையும் ஒன்று உண்டு: பொறுப்பு மருந்தாளுநர் நிச்சயம் கடையில் இருப்பார், கேள்விகளுக்கு ஆவணத்தோடு பதில் கிடைக்கும். ஆனால் அவர் இல்லாத நேரத்தில் கடை எப்படி நடக்கிறது என்பதும் ஆய்வாளருக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானே.

அனுபவமுள்ள ஆய்வாளர் கடை முழுவதையும் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். நாலைந்து மருந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றின் தடத்தை முழுதாகப் பின்தொடர்வார். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் எண்ணை, அதாவது ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதிக்குரிய எண்ணை, குறிக்கிறார். அந்த பேட்ச் எந்த கொள்முதல் பில்லில் வந்தது, பில் கொடுத்த மொத்த வியாபாரிக்கு அன்றைக்குச் செல்லுபடியாகும் உரிமம் இருந்ததா, எத்தனை வந்தது, எத்தனை விற்றது, மீதி எத்தனை இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். தொடக்க இருப்பு 40 அட்டை, வாங்கியது 100, விற்றது 112 என்றால் அலமாரியில் 28 இருக்க வேண்டும். 22 இருந்தால் ஆறு அட்டை பில் இல்லாமல் போயிருக்கிறது. அது திருட்டாக இருக்கலாம், மருந்துச்சீட்டு இல்லாமல் விற்றதாக இருக்கலாம்.

31 இருந்தால்? கூடுதலாக இருப்பதைப் பலர் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. அது இன்னும் கவலைக்குரியது. பில் இல்லாமல் சரக்கு உள்ளே வந்திருக்கலாம், அதாவது போலி மருந்துக்கு வாசல் திறந்திருக்கிறது. நோயாளி திருப்பிக் கொடுத்த அட்டைகளை மறுபடியும் அலமாரியில் வைத்திருக்கலாம். அவை வெளியே எந்தச் சூட்டில் இருந்தன என்று யாருக்கும் தெரியாது, எனவே திரும்பி வந்த மருந்தை மறுபடி விற்கவே கூடாது. மூன்றாவது சாத்தியம்தான் மிக மோசம்: பில்லில் இந்த மருந்து, பையில் வேறொன்று. மூன்று நோயாளிகள் தவறான மருந்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இந்தத் தடத்தில் அடிக்கடி அறுந்துபோகும் கண்ணி பேட்ச் எண். கம்ப்யூட்டரில் பில் போடும்போது மென்பொருள் தானாகவே பழைய பேட்சை எடுத்துக்கொள்ளும். ஊழியரின் கை அலமாரியில் முன்னால் கிடப்பதை எடுக்கும். கணக்கில் எண்ணிக்கை சரியாக இருக்கும், பேட்ச் மட்டும் பொய்யாக இருக்கும். சாதாரண நாளில் இது யாருக்கும் தெரியாது. ஒரு பேட்சைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வரும் நாளில்தான் தெரியும். 2018-ல் வால்சார்ட்டான் என்ற ரத்த அழுத்த மருந்தின் மூலப்பொருளில் என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் அபாயமுள்ள மாசு இருப்பது தெரியவந்து, பல நாடுகளில் அந்த மருந்தின் பல தயாரிப்புகளைத் திரும்பப் பெற்றார்கள். அதே பெயரில் பாதிக்கப்படாத தயாரிப்புகளும் சந்தையில் இருந்தன. எது எவருக்குப் போனது என்று பேட்ச் வாரியாகச் சொல்லத் தெரிந்த கடையால்தான் அப்போது உருப்படியாக உதவ முடியும்.

அதனால்தான் அண்மையில் வந்த திரும்பப்பெறல் அறிவிப்பு ஒன்றை ஆய்வாளர் தானே தேர்ந்தெடுத்துக் கேட்பார். அறிவிப்பு எந்த வழியில் வந்தது, யார் எத்தனை மணிக்குப் பார்த்தார், அலமாரியில் எத்தனை கிடைத்தது, என்ன செய்தார்கள்? எதுவும் கிடைக்கவில்லை என்றால் "தேடினோம், இல்லை" என்று தேதியோடு கையெழுத்திட்ட பதிவு வேண்டும். இந்த "இல்லை" பதிவை எழுதாத கடைகள் ஏராளம். எழுதாவிட்டால் தேடினார்களா, அறிவிப்பையே பார்க்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

காலாவதி விஷயத்தில் இரண்டே சோதனை. முதலில் வந்ததை முதலில் விற்பது போதாது, முதலில் காலாவதியாவதை முதலில் விற்க வேண்டும். பிந்தி வந்த சரக்குக்குக் குறைந்த ஆயுள் இருப்பது சகஜம். அடுத்தது, வெட்டிய அட்டைகள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனை கடைசிவரை கடையில் இருக்கும்படி மறுமுனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். தேதி இல்லாத துண்டு அட்டைகள் நிறைந்த டப்பா ஒன்று மேஜைக்கு அடியில் இருந்தால், மற்ற எல்லாம் பளபளப்பாக இருந்தாலும் அந்தக் கடையின் ஸ்டாக் கட்டுப்பாடு சரியில்லை என்றே எழுத வேண்டும். காலாவதியானவை விற்பனைச் சரக்கிலிருந்து விலகி, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிய தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பவற்றின் பட்டியலும் கூடவே இருக்க வேண்டும்.

இனி ஃப்ரிட்ஜ். ஒரு மருந்துக்கடையின் உண்மையான பழக்கவழக்கங்கள் இங்கேதான் வெளிப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். இன்சுலின், தடுப்பூசிகள், திறக்காத லட்டனோபிராஸ்ட் கண் சொட்டு மருந்து போன்றவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜை வைத்து இதைச் செய்வது கடினம். கதவுத் தட்டில் சூடு அதிகம், பின்சுவரை ஒட்டினால் உறைந்துவிடும், ஃப்ரீஸர் அறைக்கு நேர் கீழே இன்னும் குளிர். பெட்டிகளை இடைவெளி இல்லாமல் அடைத்தால் காற்று சுற்றாது. ஊழியரின் சாப்பாட்டுப் பாத்திரமும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே இருந்தால் கதவு நாளைக்கு இருபது தடவை கூடுதலாகத் திறக்கும்.

பலரும் சூட்டைத்தான் பயப்படுகிறார்கள். பெரும்பாலான இன்சுலின்களுக்கு உறைவதுதான் பெரிய ஆபத்து. பயன்பாட்டில் உள்ள இன்சுலினை லேபிளில் சொன்ன நாட்கள்வரை, பெரும்பாலும் 28 நாள், அறை வெப்பத்திலேயே வைக்கலாம். ஆனால் ஒருமுறை உறைந்த இன்சுலினை எறிந்துவிட வேண்டியதுதான். தெளிந்த திரவமாக இருக்கும் இன்சுலின் வகைகளில், உருகிய பிறகு எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். நோயாளி வழக்கமான அளவையே போட்டுக்கொள்வார், சர்க்கரை மட்டும் இறங்காது. மருந்து கெட்டது என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வெப்பநிலைப் பதிவில் ஒரு எண் போதாது. காலையில் 9 மணிக்கு 5 டிகிரி என்று எழுதினால், இரவு முழுக்க என்ன நடந்தது என்பது அதில் இல்லை. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் தெர்மாமீட்டர் வேண்டும். தினமும் இப்போதைய அளவு, குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று மூன்றையும் எழுதிவிட்டு ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். ரீசெட் செய்ய மறந்தால் என்றைக்கோ வந்த 1.2 என்ற அளவு தினமும் அப்படியே திரும்பித் திரும்பி வரும். அல்லது புதிதாக நடந்த கோளாறு பழைய எண்ணுக்குப் பின்னால் மறைந்துவிடும். சென்சார் முனை காற்றில் தொங்கினால் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எண் தாவும். கிளைக்கால் என்ற திரவம் நிரப்பிய சிறு பாட்டிலுக்குள் முனை இருந்தால் மருந்தின் வெப்பநிலைக்கு நெருக்கமாகக் காட்டும். கருவி சரியாக அளக்கிறது என்பதற்கான அளவுத்திருத்தச் சான்று இருக்கிறதா, அதிலுள்ள வரிசை எண்ணும் கருவியிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பலர் சான்றை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

மாதம் முழுக்க 4.0, 4.5, 4.0 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதிய பட்டியலைக் கண்டால் நின்று பார்க்க வேண்டும். கடை மூடியிருந்த விடுமுறை நாளிலும் கையெழுத்து இருக்கிறதா? விடுப்பில் இருந்த ஊழியரின் கையெழுத்து அந்த வாரத்தில் எப்படி வந்தது? நாளைக்கான கட்டமும் நிரம்பியிருக்கிறதா? இதற்கு மாறாக, இடையில் ஒரு நாள் 11.4 என்று எழுதி, பக்கத்திலேயே காரணமும் நடவடிக்கையும் இருந்தால் அந்தப் பதிவேட்டை நம்பலாம். மின்சாரம் நின்றது, உள்ளே இருந்தவற்றைத் தனியே எடுத்து "கொடுக்கக் கூடாது" என்று ஒட்டி வேறொரு ஃப்ரிட்ஜில் வைத்தோம், எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்று சொல்லி ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் கேட்டோம், பதில் வந்தபின் இவ்வளவை விற்பனைக்கு எடுத்தோம், இவ்வளவை அழித்தோம் என்று விவரம் இருக்க வேண்டும். பதறி எல்லாவற்றையும் எறிவதும் தவறு, ஒன்றும் நடக்காததுபோல் விற்பதும் தவறு.

அறை வெப்பத்தில் வைக்கும் மருந்துகளுக்கும் எல்லை உண்டு: லேபிளைப் பொறுத்து 25 அல்லது 30 டிகிரி. தெர்மாமீட்டர் ஏ.சி.க்கு நேர் எதிரே மாட்டியிருக்கும். ஸ்டாக் கூரைக்கு அருகே மேல்தட்டில் இருக்கும். அளக்க வேண்டியது மேல்தட்டில். அசல் பாட்டிலை விட்டு மாற்றக் கூடாத மருந்துகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் கிளிசரில் ட்ரைநைட்ரேட் மாத்திரையின் மருந்து ஆவியாகக்கூடியது, பிளாஸ்டிக் அதை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடிப் பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால், அவசரத்துக்கு வைக்கும்போது மாத்திரையில் வீரியம் இருக்காது.

கவுண்டருக்குப் பின்னால் நடப்பதை உட்கார்ந்து கவனிக்கக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஒரு மருந்துச்சீட்டு உள்ளே வருவதிலிருந்து பை வெளியே போவதுவரை யார் யார் தொடுகிறார்கள்? எடுத்தவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆளாக இருந்தால் பிழை தப்பிவிடும். நம் கண் நாம் எதிர்பார்ப்பதையே படிக்கும். தனியாள் கடையில் வேறு வழி இல்லை என்பார்கள். அப்படியானால் எடுத்து வைத்துவிட்டு, வேறொரு வேலை முடித்து, திரும்ப வந்து மருந்துச்சீட்டிலிருந்து தொடங்கிச் சரிபார்க்கும் பழக்கமாவது இருக்க வேண்டும். லேபிளிலிருந்து தொடங்கினால் லேபிளில் நேர்ந்த தவறு அப்படியே தாண்டிப் போய்விடும். ஒரு நோயாளிக்கு ஒரு தட்டு அல்லது கூடை என்ற எளிய விதி, இருவரின் மருந்து கலந்துபோவதைத் தடுக்கும்.

பெயரிலும் பெட்டியிலும் ஒத்திருக்கும் மருந்துகளை அலமாரியில் பிரித்து வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது நல்லது. அம்லோடிபின், அமிட்ரிப்டிலின், ப்ரெட்னிசோலோன், ப்ரொப்ரனலால். அகர வரிசையில் அடுக்கினால் இவை அருகருகே வந்து உட்காரும். மெத்தோட்ரெக்சேட் இன்னும் கவனம் கேட்கும் மருந்து. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போகலாம். அதன் லேபிளில் கிழமை எழுதியிருக்க வேண்டும். "மருத்துவர் சொன்னபடி" என்று அச்சிட்ட லேபிள் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அதைச் சாதாரணக் குறையாகக் கடந்துவிடக் கூடாது. அந்த மாத்திரையை எண்ணும் தட்டும் தனியாக இருக்க வேண்டும், தூள் அடுத்தவர் மருந்தில் ஒட்டும்.

குழந்தைகளின் சிரப்பில் பத்து மடங்குப் பிழைதான் பயம். புள்ளிக்கு முன் சுழியம் இல்லாமல் எழுதினால் அரை மில்லி ஐந்தாகிவிடும், 5.0 என்று எழுதினால் ஐம்பதாகிவிடும். எடை எழுதாத குழந்தைச் சீட்டுக்குக் கடை என்ன செய்தது என்பதற்கு ஒரு உதாரணமாவது பதிவில் இருக்கிறதா என்று கேட்கலாம். தூளில் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கில் கலந்த தேதியும் எறிய வேண்டிய தேதியும் பாட்டிலில் இருக்க வேண்டும்; கூடவே மில்லி குறியிட்ட வாய்வழி சிரிஞ்சோ அளவுக்கரண்டியோ போக வேண்டும்.

மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு ஆய்வாளர் எண்ணுவது ஒவ்வொரு மாத்திரையாக. பூட்டிய அலமாரி, மருந்தாளுநர் கையிலேயே சாவி, ஒவ்வொரு வரவு செலவுக்கும் அப்போதைய மீதி. தவறான பதிவை அடித்துத் திருத்தக் கூடாது. கீழே தேதியோடும் கையெழுத்தோடும் விளக்கம் எழுத வேண்டும். திரவ மருந்துகளில் சில மில்லி கூடக் குறைய வருவது இயல்பு. அந்த வித்தியாசமே ஒருபோதும் எழுதப்படாத பதிவேடு, அளந்து பார்க்காமல் எழுதிய பதிவேடு. மொத்த வியாபாரியிடமிருந்து விற்பனைப் பட்டியலை முன்பே வாங்கிக்கொண்டு வந்து கடையின் வரவோடு ஒப்பிடுவதுதான் மிக வலுவான சோதனை. கடை காட்டும் பில்களை மட்டும் பார்த்தால், காட்டாத பில் எங்கே என்று தெரியாது.

தரத்திலேயே சந்தேகம் வந்தால் மாதிரி எடுப்பார்கள். இந்தியச் சட்டப்படி மருந்துக்கடையில் எடுக்கும் மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒன்று யாரிடம் எடுத்தார்களோ அவருக்கே போகும், ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கு, ஒன்று கடைக்காரர் அந்த மருந்தை யாரிடம் வாங்கியதாகச் சொல்கிறாரோ அவருக்கு. நாளை சோதனை முடிவை யாராவது மறுத்தால், கையிலிருக்கும் பகுதியை வைத்து வாதாட எல்லோருக்கும் வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல், பெரும்பாலான மருந்துச்சீட்டு மருந்துகளின் ஒவ்வொரு பெட்டியிலும் தனித்த குறியீடு இருக்கிறது. நோயாளிக்குக் கொடுக்கும்போது ஸ்கேன் செய்து அதை முடக்க வேண்டும். ஸ்கேன் தரும் எச்சரிக்கையைத் தொடர்ந்து தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறார்களா என்பது அங்கே ஆய்வில் கேட்க வேண்டிய கேள்வி.

தப்பிய பிழைகளின் பதிவேடு என்று ஒன்று உண்டு. தவறான மருந்தை எடுத்துவிட்டார்கள், கொடுப்பதற்கு முன் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை எழுதி வைப்பது. இது காலியாக இருந்தால் "எங்களிடம் பிழையே இல்லை" என்று பெருமையாகக் காட்டுவார்கள். நூற்றுக்கணக்கான சீட்டுகள் கடந்துபோகும் கடையில் அப்படி இருக்க வழியில்லை. எழுதப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். எழுதியதற்காகத் தண்டிக்கும் ஆய்வாளர்தான் பெரும்பாலும் அந்தப் பயத்துக்குக் காரணம், இதை ஆய்வுத் துறையில் இருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும். பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சட்டமே மாறியது: வேண்டுமென்றே செய்யாத வழங்கல் பிழைக்கு, நோயாளிக்கு உடனே தெரிவிப்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு, மருந்தாளுநர் குற்ற வழக்கிலிருந்து தற்காத்துக்கொள்ள வழி கிடைத்தது.

ஊழியர்களிடம் பேசும்போது மூத்தவரை விட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்தவரிடம் கேட்க வேண்டும். நடைமுறைக் கையேட்டில் எல்லோருடைய கையெழுத்தும் இருக்கும். "மருந்தாளுநர் சாப்பிடப் போயிருக்கிறார், ஒருவர் சீட்டோடு வருகிறார், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் கையேடு படிக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். ஒரே ஆள் வாரத்துக்கு மூன்று தடவை இருமல் மருந்து கேட்டால்? ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர் ஐபுப்ரோஃபென் கேட்டால்?

அறிக்கையில் குறைகளைத் தீவிரம், பெரியது, சிறியது என்று பிரித்து எழுதுவது வழக்கம். இந்தியாவில் ஒவ்வொரு கடையும் 35-ஆம் படிவத்தில் ஆய்வுப் புத்தகம் வைத்திருக்கிறது. ஆய்வாளர் கண்டதை அதிலேயே எழுதுவார். எந்த நாடாக இருந்தாலும் அறிக்கையில் "சேமிப்பு திருப்தியாக இல்லை" என்ற வாக்கியத்தால் யாருக்கும் பயனில்லை. எந்த மருந்து, எந்த பேட்ச், எத்தனை, எந்தத் தட்டில், எத்தனை டிகிரியில் என்று எழுதினால்தான் கடையும் திருத்தும், அடுத்து வரும் ஆய்வாளருக்கும் புரியும்.

கடை தரும் பதிலில் அதிகம் வருவது "ஊழியருக்கு அறிவுரை கூறப்பட்டது". இதை மட்டும் ஏற்றுக்கொள்ளவே கூடாது. அடுத்த மாதம் அந்த ஊழியர் வேலையை விட்டுப் போனால் திருத்தமும் அவரோடு போய்விடும். இரண்டு மருந்துகளை வேறு தட்டுக்கு மாற்றியது, ஸ்கேன் செய்யாமல் லேபிள் அச்சாகாதபடி மென்பொருளை அமைத்தது, மாலையில் கூட்டம் அதிகமுள்ள நேரத்துக்கு இன்னொரு ஆளைப் போட்டது போன்றவைதான் நிற்கும். திருத்தியதற்குச் சான்றாகப் புகைப்படம் ஒரு நாளைத்தான் காட்டும். புதிய ஃப்ரிட்ஜ் வாங்கியதாகச் சொன்னால் பில்லோடு, குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் எழுதிய அடுத்த நான்கு வாரப் பதிவும் வேண்டும். மறு ஆய்வுக்குப் போகும்போது பின்னறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்: கழித்துக்கட்டியதாகச் சொன்ன பழைய ஃப்ரிட்ஜ் அங்கே ஓடிக்கொண்டிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணி எழுதிவிட்டு, அந்தக் குறை தீர்ந்துவிட்டது என்று முடித்துவிடாமல் வைக்க வேண்டும்.